நகருக்குள் ஓடும் கார் ஏன் இவ்வளவு பெற்றோல் குடிக்கிறது?

பத்திராதிபர் அவர்கட்கு,

ஐயா,

மாத முடிவில் எரிபொருள் விலை மாற்றப்படும் போதெல்லாம் அச்செய்தியைத் தாங்கள் முதற்பக்கத்தில் வெளியிடுகிறீர்கள். மறுநாள் வவுனியாவில் எந்தத் தேநீர்க்கடைக்குப் போனாலும், எந்தக் கராஜுக்குப் போனாலும் ஒரே முறைப்பாடுதான் காதில் விழுகிறது: கார் பெற்றோல் குடிக்கிறது. இதற்குச் சொல்லப்படும் காரணங்களும் எல்லோருக்கும் தெரிந்தவையே. பெற்றோலில் கலப்படம், பெற்றோல் செட்டில் அளவுக் குறைவு, மெக்கானிக் சரியில்லை, கார் பழசாகிவிட்டது என்பவை அவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கியதால், வன்னியில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை பழையவை என்பது உண்மைதான். ஆயினும், நகருக்குள் மட்டும் ஓடும் காரின் கூடுதல் எரிபொருட் செலவுக்குப் பல சமயங்களில் காரணம் காரின் பழுதன்று, அது ஓடும் ஓட்டத்தின் தன்மையே என்பதை நான் பணம் செலவழித்துத்தான் அறிந்துகொண்டேன். என் அயலவர்களும் அதே வழியில் பணத்தை இழப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வராததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் 31 வருடங்கள் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன். என்னிடம் இருப்பது 1000 சிசி பெற்றோல் கார். காலையில் பேரனைப் பாடசாலையில் இறக்குவது, பிறகு சந்தைக்கோ வங்கிக்கோ வைத்தியசாலைக்கோ போவது, பிற்பகலில் பேரனை ஏற்றிவருவது என்று குருமன்காட்டுக்கும் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கும் இடையிலேயே அதன் நாள் கழிகிறது. சென்ற வருடம் அது லீற்றருக்கு 10 கிலோமீற்றர்கூட ஓடவில்லை என்று கண்டபோது கராஜுக்குக் கொண்டுபோனேன். பிளக்குகள் நான்கும் மாற்றப்பட்டன. "சேர், இன்ஜெக்டரைக் கழுவிப் பாப்பம்" என்றார்கள், கழுவினார்கள். பின்னர் ஒட்சிசன் சென்சரும் மாற்றப்பட்டது. ஏறத்தாழ 45,000 ரூபாய் செலவான பின்னரும் கணக்கு மாறவில்லை. அதன்பிறகு மகளைப் பார்க்கக் கிளிநொச்சிக்குப் போக நேர்ந்தது. புறப்படுமுன் தாங்கியை நிரப்பி, திரும்பி வந்து அதே செட்டில் மீண்டும் நிரப்பினேன். போய்வந்த தூரம் 154 கிலோமீற்றர், பிடித்த பெற்றோல் 9.1 லீற்றர். அதாவது லீற்றருக்கு ஏறத்தாழ 17 கிலோமீற்றர். அதே கார், அதே பெற்றோல், அதே ஓட்டுநர். எஞ்சினில் உண்மையாகவே பழுதிருந்திருந்தால் ஓமந்தையைத் தாண்டியதும் அது சுகமாகிவிட்டிருக்க நியாயமில்லை.

ஆகவே முதலாவது தேவை அளவீடு. அளக்கும் பழக்கம் நம்மிடம் அற்றுப்போய்விட்டது. 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் அட்டைக்குத் தொடக்கத்தில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று பங்கிட்டுக் கொடுத்தார்கள். கிடைத்ததை வாங்கினோம், நிரப்பவில்லை. 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்ட பின்னரும் "ரெண்டாயிரத்துக்கு அடியுங்கோ" என்றுதான் கேட்கிறோம். விலையோ மாதத்துக்கு மாதம் மாறுகிறது. இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் லீற்றர் மாறிக்கொண்டே இருக்கும்போது, போன மாதத்தைவிட இந்த மாதம் கார் அதிகம் குடிக்கிறது என்று ரூபாயை வைத்துச் சொல்வது கணக்காகாது. தாங்கியை, குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடிய கிலோமீற்றரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறையும் அவ்வாறே அதே இடத்தில் நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லீற்றரால் வகுக்க வேண்டும். ஒருமுறை செய்வது போதாது. குழாய் சற்று முந்தியோ பிந்தியோ நிற்பதால் வரும் பிழை மூன்று நான்கு முறை நிரப்பினால்தான் அடங்கும். நகர ஓட்டத்தையும் நெடுந்தூர ஓட்டத்தையும் வெவ்வேறாகக் குறிப்பது இன்றியமையாதது, ஏனெனில் இரண்டையும் கலந்து எடுத்த சராசரி எதையும் சொல்லித்தராது.

நகருக்குள் பெற்றோல் எங்கே போகிறது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கைக் கொண்டே விளக்கலாம். ஆட்களுடன் 1000 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அதனிடமுள்ள இயக்கசக்தி ஏறத்தாழ 96 கிலோயூல். பிரேக்கை மிதித்து நிறுத்தியதும் அவ்வளவும் பிரேக்கில் வெப்பமாகிப் போய்விடுகிறது. மீண்டும் அவ்வேகத்தை எட்ட அதைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 32,000 கிலோயூல் சக்தி இருந்தாலும் நகர ஓட்டத்தில் அதில் ஐந்திலொரு பங்கு சில்லுகளுக்குப் போய்ச் சேர்ந்தால் அதுவே அதிகம். கணக்கைச் செய்து பார்த்தால், 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நின்று மீண்டும் அந்த வேகத்தை எட்ட 15 மில்லிலீற்றர், அதாவது ஒரு மேசைக்கரண்டி பெற்றோல் செலவாகிறது. 30 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நின்றால் அது ஒரு தேக்கரண்டி அளவுதான், ஏனெனில் இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. பசார் வீதியிலும் மன்னார் வீதியிலும் ஓட்டோவுக்கும், குறுக்கே வரும் துவிச்சக்கரவண்டிக்கும், நினைத்த இடத்தில் நிற்கும் பஸ்ஸுக்கும் நின்று நின்று போகும்போது எத்தனை கரண்டி ஊற்றுகிறோம் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்ளலாம். இரண்டு நிறுத்தங்களுக்கு இடையிலான நூறு மீற்றரில் 50ஐ எட்டிப் பிடித்துவிட்டுப் பிரேக்கை அமுக்குபவர், 30இல் போய் நிற்பவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பெற்றோலை அந்த இடத்தில் வீணாக்குகிறார். அவர் முந்திப் போய்ச் சேர்வதுமில்லை.

ஐந்திலொரு பங்குதானா என்று கேட்பவர்களுக்கு நம் தோட்டங்களிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். தண்ணீர் இறைக்கும் மெசினை இயக்கிவிட்டு ஒரேயொரு மிளகாய்ப் பாத்திக்கு மட்டும் நீர் பாய்ச்சினால், பாய்ந்த நீருக்கும் எரிந்த எண்ணெய்க்கும் பொருத்தமே இராது. மெசின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவே பெரும்பகுதியை எடுத்துவிடும். காரின் எஞ்சினும் அப்படித்தான். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையே உயர்ந்த கியரில் சீராகப் போகும்போது அது தன் வலுவுக்கு ஏற்ற வேலையைச் செய்கிறது. நகருக்குள் ஊரும்போது, எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவான திறொட்டில் அநேகமாக மூடியபடியே இருக்க, காற்றை இழுத்தெடுப்பதற்கும் உள் உராய்வை வெல்வதற்குமே எரிபொருள் போகிறது. இதற்கு மேல் ஏசி. ஊர்ந்து செல்லும் சிறிய காரை நகர்த்தத் தேவைப்படும் வலுவுக்கும் ஏசிக் கம்பிரசர் கேட்கும் வலுவுக்கும் சில வேளைகளில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. சித்திரை வெயிலில் ஏசி போடாதீர்கள் என்று எவருக்கும் சொல்ல மாட்டேன். வெயிலில் நின்ற காரின் கதவுகளைத் திறந்து வெப்பக் காற்றை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடலாம் என்று மட்டும் சொல்வேன்.

குறுந்தூரப் பயணத்தின் தீமை பலருக்குத் தெரியாது. குளிர்ந்த எஞ்சினுக்கு, அது சூடாகும் வரை, கட்டுப்பாட்டுக் கணினி கூடுதலாகப் பெற்றோலைக் கொடுக்கிறது. ஒயிலும் தடிப்பாக இருக்கும். குளிரூட்டும் நீர் ஏறத்தாழ 90 பாகை செல்சியசை எட்டிய பின்னரே எஞ்சின் தன் இயல்புக்கு வரும். வன்னியின் வெப்பத்தில் இது குளிர்நாடுகளைப்போல் நீண்ட நேரம் எடுப்பதில்லை என்றாலும், வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றரிலுள்ள பாடசாலைக்குப் போய் எஞ்சினை நிறுத்தும் காருக்கு அந்தப் பயணம் முழுவதும் சூடாகும் காலமே. காலையில் ஒருமுறை, பத்து மணிக்கு ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று தனித்தனியாகப் போகும் வேலைகளை ஒரே சுற்றில் முடித்தால் இந்தச் செலவு ஒருமுறையோடு நின்றுவிடும்.

எல்லாவற்றிலும் எனக்கு வருத்தந்தருவது பாடசாலை வாசலில் நடப்பது. பிற்பகல் ஒன்றரை மணிக்கு விடும் பாடசாலைக்கு ஒன்றேகாலுக்கே வந்து, ஏசியுடன் எஞ்சினை இயக்கியபடி இருபது நிமிடம் காத்திருக்கும் கார்களை நாள்தோறும் பார்க்கிறேன். நானும் அவ்வரிசையில் நின்றிருக்கிறேன். ஏசி போட்டுக்கொண்டு நிற்கும் சிறிய கார் மணிக்கு ஏறத்தாழ 0.8 லீற்றர் எரிக்கிறது என்று கொண்டால், இருபது நிமிடத்துக்குக் கால் லீற்றருக்கும் சற்று அதிகம். மாதத்தில் இருபது பாடசாலை நாட்களுக்கு ஐந்து லீற்றருக்கு மேல். சில்லு ஒரு முறைகூடச் சுழலாமல் போகும் பெற்றோல் அது. என் காரின் நெடுந்தூரக் கணக்கில் அதைக்கொண்டு கிளிநொச்சியை எட்டிவிடலாம். அந்தப் புகையை வாசலில் நின்று சுவாசிப்பவர்கள் நம் பிள்ளைகள். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதாயின் எஞ்சினை நிறுத்துவதே இலாபம். மீண்டும் இயக்கினால் அதிகம் எரியும் என்பது இன்ஜெக்டர் வருமுன், காபரேட்டர் என்ற பாகம் பெற்றோலைக் காற்றோடு கலந்துகொடுத்த காலத்துப் பேச்சு.

அதே காலத்திலிருந்து வந்த இன்னொரு வழக்கம் நியூட்ரலில் விட்டு உருட்டுவது. கணினி அளக்கும் பெற்றோலை எஞ்சினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர் உள்ள காரில், கியரில் வைத்தபடி எக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் வேகம் போதுமான அளவில் இருக்கும் வரை பெற்றோல் முற்றாகவே நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சினை அணையாமல் வைத்திருக்கப் பெற்றோல் போய்க்கொண்டேயிருக்கும். சந்தியைத் தூரத்தில் கண்டதுமே காலை எடுத்துக் கியரிலேயே வரவிட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

காரில் பழுதே இராது என்று நான் சொல்லவில்லை. லீற்றருக்கு ஓடும் தூரம் நகரிலும் நெடுஞ்சாலையிலும் ஒருசேரக் குறைந்தால் காரையே சந்தேகிக்க வேண்டும். ரயரில் காற்று குறைந்திருக்கலாம். ஓட்டுநர் கதவோரம் ஒட்டப்பட்டுள்ள அளவைப் பார்த்து, ரயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் பிடிக்க வேண்டும். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஜாக்கில் உயர்த்திச் சில்லைக் கையால் சுழற்றினால் தெரிந்துவிடும். குளிரூட்டும் நீரின் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தேமோஸ்டற் திறந்தபடியே இறுகிவிட்டால் எஞ்சின் ஒருபோதும் முழுச்சூட்டை எட்டாது. கிறவல் வீதிப் புழுதியில் ஓடும் கார்களின் எயார் பில்டரையும் அடிக்கடி பார்க்க வேண்டும். வருடாந்தப் புகைப் பரிசோதனை அறிக்கையை வருமான அனுமதிப்பத்திரம் எடுத்ததும் மூலையில் போட்டுவிடுகிறோம். அதிலுள்ள காபனோரொட்சைட்டு அளவு, எஞ்சின் தேவைக்கு மேல் பெற்றோல் எடுக்கிறதா என்பதற்கு நல்ல சாட்சி. பரிசோதனையில் சித்தியடைவது வேறு, அந்த எண் முன்னைய வருடத்தைவிட ஏறியிருப்பது வேறு. 92 ஒக்ரேன் போதும் என்று தயாரிப்பாளர் சொன்ன காருக்கு 95 ஊற்றுவதால் கூடுதல் தூரம் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டரும் உள்ள ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு மட்டும் கணக்கு தலைகீழ். பிரேக் போடும்போது இயக்கசக்தியின் ஒரு பகுதியை மின்னாக்கிப் பற்றரிக்குத் திருப்புவதால், முழு ஹைபிரிட் கார் நகருக்குள்தான் நன்றாகச் சிக்கனங்காட்ட வேண்டும். அது நகருக்குள் அதிகம் குடித்தால் பழுதைத் தேடுவது சரியே. பின்னிருக்கையோரம் பற்றரியைக் குளிர்விக்கக் காற்று இழுக்கும் துவாரமுள்ள கார்களில், நம்மூர்ப் புழுதி அதை அடைத்துவிட்டால் பற்றரி சூடாகிச் சோர்ந்துபோகும். அதைத் துப்புரவாக்க அதிகம் செலவாகாது. அந்தத் துவாரத்தின்மேல் சந்தைப் பைகளை அடுக்குவதையும் தவிர்க்க வேண்டும். அத்துடன் ஜப்பானிய விளம்பரங்களில் லீற்றருக்கு 30, 35 கிலோமீற்றர் என்று போட்டிருப்பதை நம்பி மனமுடைய வேண்டியதில்லை. அந்த எண்களைத் தந்த ஜேசி08 என்ற பழைய சோதனை, ஆய்வுகூடத்தில் உருளைகளின்மேல், ஏசி போடாமல், ஏறத்தாழ 8 கிலோமீற்றருக்கு நடத்தப்பட்டது. வீதியில் கார்கள் பொதுவாக அந்த எண்ணைக் காட்டுவதில்லை.

சிறிய மாற்றங்கள் சிலவற்றை நான் செய்தேன். பேரனை ஏற்றக் காரைப் பாடசாலைக்கு இருநூறு மீற்றர் முன்னரே மரநிழலில் நிறுத்திவிட்டு நடந்து போகிறேன். வங்கி, சந்தை, மருந்தகம் மூன்றையும் காலைப் பயணத்தோடு முடித்துக்கொள்கிறேன். ஒரு கிலோமீற்றருக்குட்பட்ட வேலைகளுக்கு, 2022இல் வேறு வழியின்றித் தூசு தட்டி எடுத்த துவிச்சக்கரவண்டியே போதுமாக இருக்கிறது. எட்டு மாதங்களாகக் கொப்பியில் குறித்துவரும் கணக்கின்படி, ஒரு பாகமும் மாற்றாமல், நகர ஓட்டம் லீற்றருக்கு 9.5இலிருந்து 12 கிலோமீற்றராக உயர்ந்திருக்கிறது.

கராஜ் நடத்தும் சகோதரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பெற்றோல் குடிக்கிறது என்று சொல்லிக் கார் கொண்டுவருபவரிடம், ஸ்பானரை எடுக்கும் முன், எந்த ஓட்டத்தில், எத்தனை முறை நிரப்பி அளந்தீர்கள் என்று கேளுங்கள். அளக்காதவரை அளந்துவரச் சொல்லி அனுப்புங்கள். தாங்களும் அடுத்த விலைத்திருத்தச் செய்தியின் கீழே அந்த அளவீட்டு முறையை நான்கு வரியில் பிரசுரித்தால், ஓமந்தையிலும் செட்டிக்குளத்திலும் இருந்து நகருக்கு வந்து கராஜ் வாசலில் காத்திருப்பவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
குருமன்காடு, வவுனியா.