விண்வெளியில் துப்பறிய வந்த பிள்ளைகளை ஏமாற்றலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சிறுவர் இணைப்பில் வாராவாரம் வந்துகொண்டிருந்த விண்வெளி மர்மத் தொடர் முடிந்த விதம் பற்றித்தான் இந்தக் கடிதம். விண்கலத்தில் காணாமல் போன ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்தது யார் என்று மூன்று பிள்ளைகள் வாரக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொள்ள, கடைசி வாரத்தில், அதுவரை கதையில் தலையே காட்டாத ஒரு வேற்றுக்கிரகவாசி வந்து 'நான்தான் எடுத்தேன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் "அப்ப நான் யோசிச்சதெல்லாம் வேஸ்ட்டா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை, எழுதியவரிடம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் மர்மக் கதைக்கு விண்கலத்தைப் போல வாகான இடம் வேறு கிடைக்காது. தப்பி ஓட வழி கிடையாது, உள்ளே இருப்பது ஆறேழு பேர், திருடனும் அவர்களோடு சேர்ந்து மிதந்தபடியேதான் சாப்பிட்டாக வேண்டும். கற்பனைகூட அதிகம் தேவைப்படாது, நிஜத்தில் நடந்ததே போதும். 2018 ஆகஸ்ட் கடைசியில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் காற்றழுத்தம் மெல்லக் குறைந்தது. தேடிப் பார்த்தால், அங்கே இணைந்திருந்த சோயுஸ் என்ற ரஷ்யக் கலத்தின் சுவரில் சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு ஓட்டை, அதுவும் துளைக்கருவியால் போட்டது போல. அடைத்துவிட்டார்கள், சரி. யார் போட்டது? ரஷ்ய விண்வெளித் துறை விசாரித்தது, என்ன நடந்தது என்று தெரியும் ஆனால் சொல்லமாட்டோம் என்று அதன் தலைவரே பிறகு சொன்னார்!

எனக்கு அதைவிடப் பிடித்தது 2020இல் நடந்தது. மறுபடியும் எங்கிருந்தோ காற்று கசிகிறது, இடம் தெரியவில்லை. முதலில் பகுதி பகுதியாகக் கதவுகளை மூடி எங்கே அழுத்தம் குறைகிறது என்று பார்த்தார்கள். ஸ்வெஸ்டா என்ற ரஷ்யப் பகுதி என்று தெரிந்தது, ஆனால் அதில் எங்கே? அங்கிருந்த ரஷ்ய விண்வெளி வீரர் அனடோலி இவானிஷின் ஒரு டீ பாக்கெட்டைப் பிரித்து இலைத்தூளைக் காற்றில் மிதக்கவிட்டு, கேமராவையும் வைத்து, அந்த அறையை மூடிவிட்டார். எடை தெரியாத இடம் ஆயிற்றே, தூள் கீழே விழாமல், காற்று இழுக்கும் பக்கமாக மெல்ல நகர்ந்து விரிசல் இருந்த இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல துப்பு எந்தக் கதாசிரியர் தரப்போகிறார்?

பிள்ளைகளுக்குக் கொலையும் ரத்தமும் எதற்கு என்பவர்களுக்குத் தக்காளிக் கதை இருக்கிறது. விண்வெளி நிலையத்தில் விளைந்த குட்டித் தக்காளியை அமெரிக்க விண்வெளி வீரர் ஃபிராங்க் ரூபியோ எங்கோ தவறவிட்டுவிட்டார். பல மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. கூட இருந்தவர்கள் 'நீயே தின்றுவிட்டாய்' என்று கிண்டல் செய்ய, பாவம், அந்தப் பழியோடுதான் 2023 செப்டம்பரில் பூமிக்குத் திரும்பினார். டிசம்பரில் அது காய்ந்து சுருங்கிக் கிடைத்தது, அவர் நிரபராதி என்று மேலே இருந்தவர்களே அறிவித்தார்கள்.

உங்கள் தொடரில் என்ன நடக்கிறது? விண்கலத்துக்கு வெளியே இருக்கும் வெற்றிடத்தில் 'டொம்' என்று வெடிச்சத்தம் கேட்கிறது, காற்றே இல்லாத இடத்தில் சத்தம் எப்படிக் கேட்கும்? அழும் பையனின் கண்ணீர் கன்னத்தில் வழிகிறது, அங்கே அது கண்ணிலேயே நீர்க்கொப்புளம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். 'சூரியன் உதிக்கும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்' என்று ஒருவர் சொல்ல, துப்பறியும் சிறுமி அதை நம்பிவிடுகிறாள். பூமியை 90 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் கலத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 16 தடவை சூரியன் உதிக்கும். 'எந்த உதயம்?' என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த ஆள் அங்கேயே மாட்டியிருப்பான்.

அறிவியல் பாடம் நடத்தச் சொல்லவில்லை, அது பள்ளிக்கூடத்திலேயே போதுமான அளவு நடக்கிறது. பேசும் பூனையை ராக்கெட்டில் ஏற்றினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் முதல் வாரத்திலேயே ஏற்றிவிட வேண்டும். அந்த இடத்தின் விதியிலிருந்தே துப்பு பிறந்தால் வாசிக்கிற பிள்ளையும் கூடவே கண்டுபிடிக்கலாம். ஒரு உதாரணம் சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். கலம் செவ்வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசுவதாக ஒரு குரல், கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக் என்று பதில் சொல்கிறது. செவ்வாயிலிருந்து ரேடியோ அலை பூமியைச் சேரவே குறைந்தது 3 நிமிடம் ஆகும், தூரம் கூடும் காலத்தில் 22 நிமிடம் வரை. போய் வர அதற்கு இரட்டிப்பு. அப்படியானால் பேசுகிறவன் பூமியில் இல்லை, கலத்துக்குள்ளேயேதான் எங்கோ ஒளிந்திருக்கிறான். இதைக் கண்டுபிடிக்கிற பிள்ளை அன்று இரவு தூங்குமா?

அடுத்த தொடர் தொடங்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். கடைசி அத்தியாயத்துக்கு முந்தின வாரம், குற்றவாளி யார், எதை வைத்துச் சொல்கிறாய் என்று பிள்ளைகளையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் அனுப்பும் பதில்களைக் கதை எழுதுபவரும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
சிறுவர் இணைப்பை மகளுக்கு முன்னால் எடுத்துப் படித்துவிடும் ஒரு வாசகர்