எல்லா ஊருக்கும் ஆறு இலக்கப் பின்கோடு கிடையாது

நம் ஊர் நூலக அறக்கட்டளையின் செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன பொங்கலுக்கு வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்கு அனுப்பிய நன்றிக் கடிதங்களில் ஒரு கட்டு திரும்பி வந்து அலுவலக மேசையடியில் கிடந்ததே, அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்துப் பார்த்தேன். ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் பிரிவில் ராத்திரி ராத்திரியாகக் கடிதம் பிரித்தே ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? பார்த்த வரையில் வீடு மாறிப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற முகவரிகளைக் கெடுத்தது நாம்.

இந்த நிலையில், பட்டியல் முழுவதையும் கதவு எண், தெரு, ஊர், மாநிலம், ஆறு இலக்கப் பின்கோடு, நாடு என்று 'ஒரே சீராக' மாற்ற வேண்டும், ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நிறுத்தி வையுங்கள். சீர்படுத்துவது வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் வீட்டு அளவுக்குத் தைத்த சட்டையை ஊருக்கெல்லாம் மாட்டாதீர்கள் என்கிறேன்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஆறில் தொடங்கினால் தமிழ்நாடு அல்லது கேரளம் என்று பார்க்காமலே கை அந்தப் பக்கம் போகும். ஆனால் அது நம் நாட்டு ஏற்பாடு. சிங்கப்பூரிலும் 1995 முதல் ஆறு இலக்கம்தான். அங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எண். ஜூரோங் பக்கத்து எண்கள் 60, 61 என்றெல்லாம் தொடங்கும். உறையில் நாட்டின் பெயர் விட்டுப்போனால் அது தமிழ்நாட்டுக் கட்டில்தான் விழும். அப்படி விழுந்த ஒன்று இந்தத் திரும்பிய கட்டிலேயே இருக்கிறது. இன்னொன்றில் பிளாக் எண்ணைக் கதவு எண்ணாகப் போட்டுவிட்டு, '#' குறியோடு வரும் மாடி எண்ணையும் வீட்டு எண்ணையும் விட்டிருக்கிறோம். அடுக்குமாடிக் கட்டடத்தில் தபால்காரர் யார் கதவைத் தட்டுவார்? அங்கே மாநிலமும் கிடையாது. கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று நம் பிள்ளைகள் சிங்கப்பூர், சிங்கப்பூர், சிங்கப்பூர் என்று மூன்று தடவை அடித்து வைத்திருக்கிறார்கள்.

பெரிய சேதம் பூஜ்ஜியத்தால் வந்தது. மலேசியாவில் சுங்கை பட்டாணியின் எண் 08000. நம் எக்ஸெல் தாளில் அது 8000 என்று நிற்கிறது. நியூஜெர்சிக்காரர்கள் அத்தனை பேருக்கும், ஆஸ்லோவில் இருக்கும் நம் டாக்டர் வீட்டுக்கும், கொழும்பு 6-க்கான 00600-க்கும் இதே கதி. முன்னால் வரும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்று கணினி தின்றுவிட்டது. பின்கோட்டை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லையே! அந்தப் பத்தியை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைத்துவிட்டுப் பிறகு உள்ளிட்டால் போதும், பூஜ்ஜியம் போகாது.

கனடாவில் எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும், மூன்று மூன்றாக. அங்கே அஞ்சல் குறியீட்டில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தே பயன்படுத்துவதில்லை. வட்டமாக இருந்தால் அது பூஜ்ஜியம். ஸ்கார்பரோ உறைகளில் பாதியில் நாம் 'ஓ' போட்டிருக்கிறோம். ஜெர்மனியில் தெருப் பெயருக்குப் பிறகுதான் வீட்டு எண், ஊர்ப் பெயருக்கு முன்னால் குறியீடு. அதைத் திருப்பிப் போட்டுத் 'திருத்தியது' நாம்.

துபாய்தான் பாவம். அங்கே அஞ்சல் குறியீடே கிடையாது. தபால் பெட்டி எண்தான் முகவரி. பெரும்பாலும் அது கம்பெனியின் பெட்டி. ஆகவே கம்பெனிப் பெயர் இல்லாமல் ஆள் பெயரை மட்டும் எழுதினால் யாருக்கும் புரியாது. நாமோ கம்பெனிப் பெயருக்குக் கட்டம் இல்லையென்று அதை எடுத்துவிட்டு, பின்கோடு கட்டத்தில் 600001 என்று போட்டிருக்கிறோம். பாரிமுனைக்கும் துபாய்க்கும் என்ன உறவோ!

அஞ்சல் உலகத்தில் இதற்கு முறை இருக்கிறது. 1874-இல் பெர்ன் நகரில் உருவான உலக அஞ்சல் ஒன்றியம் சொல்வது சுருக்கமானது: நாட்டின் பெயர் கடைசி வரியில், பெரிய எழுத்தில். அந்த வரி இங்கே பிரிப்பவருக்கு. அதற்கு மேலே இருப்பதெல்லாம் அங்கே பிரிப்பவருக்கு. அவர்கள் ஊர் வழக்கப்படியே இருக்கட்டும். எனவே நாட்டை மட்டும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். இப்போது சிலோன், ஸ்ரீலங்கா, இலங்கை, கொழும்பு எல்லாம் தனித்தனி நாடுகளாக இருக்கின்றன. லண்டனும் ஒரு நாடு. மற்றதற்கு நான்கைந்து வெற்று வரிகளும், காலியாக விடக்கூடிய ஒரு குறியீட்டுப் பத்தியும் போதும். நன்கொடையாளர் கைப்பட எழுதியது எதுவோ அதை மாற்றாமல் ஓரமாக வைத்திருங்கள். நாம் தப்பாகத் திருத்தினால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

பெயரிலும் கை வைக்காதீர்கள். இனிஷியலைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டதால் 'அன்புள்ள திரு. எஸ்.' என்று கடிதம் போயிருக்கிறது.

ஆடிட்டர் சார் கவனத்துக்கு ஒன்று: நாடு என்ற பத்தியை வைத்து யார் வெளிநாட்டுக்காரர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுப்பது வரும். குடியுரிமைக்குத் தனிப் பத்தி வேண்டும்.

கட்டில் இருந்த உறைகளில் முடிந்தவற்றைப் பழைய ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி வைத்திருக்கிறேன். துபாய்க்காரர்களிடம் மட்டும் கேட்டுத்தான் ஆக வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்டால் செலவில்லை என்கிறார்கள். என்னிடம் இருப்பது பட்டன் போன். செயலாளர் ஒரு சாயங்காலம் தன் போனோடு வந்தால் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
நூலகத்தின் பழைய வாசகன், ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியன்