மின்மீன் என்றால் ஷாக் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த மின்சார விலாங்கு கட்டுரை படித்தேன். 860 வோல்ட், 1800-ல் ஜெர்மன் ஆய்வாளர் ஹம்போல்ட் கண்ணெதிரே இவற்றிடம் ஷாக் வாங்கிய குதிரைகள் என்று சுவையாகத்தான் இருந்தது. அதோடு நிறுத்திவிட்டதுதான் எனக்குக் குறை. அது விலாங்கே இல்லை. தென் அமெரிக்கக் கத்திமீன் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஷாக் அடிப்பவை மூன்றே மூன்று. மற்றவை விடும் மின்சாரம் நம் கைக்கு உறைக்கவே உறைக்காது.

சின்ன ஓடைகளின் கரையோரப் புல்லுக்குள் பகலெல்லாம் பதுங்கியிருக்கும் பிராக்கிஹைப்போபோமஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் நீளம், மீன் பெரும்பாலும் ஒரு சாண்கூட வராது. இருட்டியதும் வெளியே வந்து, விட்டுவிட்டு மின்துடிப்பை அனுப்பியபடியே பூச்சி, புழு தேடும். அந்த மின்புலத்தில் கல்லோ செடியோ குறுக்கிட்டால் தோலிலுள்ள உணர்விகளுக்குத் தெரிந்துவிடும். உடம்பை வளைத்தால் மின்புலமும் கலையும். அதனால் வயிற்றடித் துடுப்பை மட்டும் அலையலையாக அசைத்து, விறைப்பாகவே முன்னும் பின்னும் போகும்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அந்தத் துடிப்பைக் கெளுத்தியும் உணரும், உங்கள் கட்டுரையின் கதாநாயகனும் உணரும். இரண்டுமே இதைத் தின்பவை. தாழ்ந்த அதிர்வெண்தான் அவற்றுக்கு நன்றாக எட்டும். பல இனங்கள் ஒரு துடிப்பை விட்ட கையோடு எதிர்த்திசையில் இன்னொன்றைச் சேர்த்து, அந்தத் தாழ்ந்த பகுதியைக் குறைத்துவிடுகின்றன என்று ஆய்வாளர் பிலிப் ஸ்டாடர்ட் 1999-ல் எழுதினார். ஆனால் இணை தேடும் ஆண் இருக்கிறதே, அது இரவில் துடிப்பை நீட்டி, தாழ்ந்த அதிர்வெண்ணைக் கூட்டி, ஆபத்தை விலைக்கு வாங்கிக்கொள்கிறது!

ஐகன்மானியா என்ற இன்னொரு கத்திமீன், ரீங்காரம்போல இடைவிடாமல் மின்சாரம் விடும். இரண்டு மீன்களின் அதிர்வெண் நெருங்கினால் ஒன்றின் உணர்வை மற்றது குழப்பும்; அதனால் கூடுதலாக இருப்பது ஏற்றிக்கொள்ளும், குறைவாக இருப்பது இறக்கிக்கொள்ளும். ஜப்பானிய ஆய்வாளர்கள் வதனபேவும் தகேதாவும் 1963-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள்.

வண்ணமீன் கடைகளில் 'பிளாக் கோஸ்ட்' என்று விற்பதும் இந்தக் கூட்டம்தான். வீட்டில் இருந்தால், தொட்டித் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு, பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபையரில் இணைத்துப் பாருங்கள். நொடிக்குச் சுமார் ஆயிரம் துடிப்பு. ஒரே சீராக, மெல்லிய விசில்போலக் கேட்கும். ஹீட்டர், மோட்டார் பிளக்குகளை முதலில் கழற்றிவிட வேண்டும். பாதுகாப்புக்கும் நல்லது, இல்லாவிட்டால் வீட்டுக் கரண்டின் இரைச்சல்தான் காதில் விழும். அப்புறம், பகலில் அது ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டாவது போட்டு வையுங்கள். வெறும் கண்ணாடித் தொட்டியில் அதை விட்டுவைப்பது பாவம்.

அடுத்த இணைப்பில் இந்தச் சின்னவற்றுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குவீர்களா?

இப்படிக்கு,
மீன் வளர்க்கும் வாசகர்,
சென்னை.