டாங்கிக்குள் இறங்கிப் பார், பாப்பா

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கிளம்பிப் போனதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு சைபர் செக்யூரிட்டிக்குப் போகப் போவதாக நீ சொன்னதும், "கம்ப்யூட்டர் படிக்காத நீ முப்பத்து நாலு வயசுல போய் ஹேக்கரைப் பிடிக்கப் போறியா?" என்று மாப்பிள்ளை முன்னாலேயே கேட்டுவிட்டேன். நீ பதில் சொல்லவில்லை. என் பேரன் தம்பிக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாய். முள்ளெல்லாம் எடுத்து முடித்த பிறகும் அந்தத் துண்டையே விரலால் தடவிக்கொண்டிருந்தாய். அது என் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் கேட்டது தப்பும்மா. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும் "சாப்பிட்டாயா" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே உன் அம்மா கேட்டாள்: "நீங்க சேஃப்டிக்குப் போனப்ப உங்களுக்கு என்ன வயசு?" கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1993. எனக்கு முப்பத்து நாலு. உனக்கு இரண்டு வயது.

1980இல் இங்கே சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்தவன் நான். பதின்மூன்று வருடம் வெல்டிங். கண்ணும் முதுகும் கெடத் தொடங்கிய நேரத்தில் சேஃப்டி சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் 'யெஸ் சார், ஓகே சார்' அளவுதான். வேலை முடிந்து இரவில், தொழிலாளர்களுக்கு அடிப்படைக் கல்வி சொல்லித்தரும் பெஸ்ட் வகுப்புக்குப் போய் ஆங்கிலமும் கணக்கும் படித்தேன். அப்புறம் சேஃப்டி கோர்ஸ். அந்தப் புத்தகத்தை நேற்று அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலச் சொற்களுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். 'அட்மாஸ்ஃபியர்' என்பதற்கு மேல் 'காற்று' என்று எழுதி, அதை அடித்துவிட்டு 'உள்ளே இருக்கும் காற்று' என்று எழுதியிருக்கிறது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு பாடு.

என்னோடு படித்தவர்களில் டிப்ளோமா முடித்த பையன்களும் இருந்தார்கள். சூத்திரமெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் டாங்கி, அதாவது கப்பலில் எண்ணெயோ தண்ணீரோ நிரப்பும் மூடிய தொட்டி, அதன் வாசலில் நடப்பது அவர்களுக்குத் தெரியாது. உள்ளே இறங்குகிறவன் வாசல் பலகையில் தன் பெயர் அட்டையை மாட்ட வேண்டும், ஏறி வந்ததும் எடுக்க வேண்டும். அட்டையை எண்ணினால் உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். இது விதி. டீ நேரத்துக்கு அவசரமாக ஏறி வருகிறவன் அட்டையை எடுக்க மாட்டான், எப்படியும் திரும்பத்தானே இறங்கப் போகிறோம் என்று. சில சமயம் ஒருவன் மாட்டாமலே இறங்கிவிடுவான். எங்கே எப்போது விதியை மீறுவார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பதின்மூன்று வருடம் நானும் அப்படி ஏறி இறங்கியவன்தான். என்னை நல்ல சேஃப்டி ஆளாக ஆக்கியது அந்த அனுபவம்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ டூட்டி மேனேஜரான புதிதில் ஒரு நாள் காலையில் வந்து மைலோ குடித்துக்கொண்டே சொன்னாயே, நினைவிருக்கிறதா? நடு ராத்திரி கோட்டு சூட்டோடு ஒருவர் கவுண்டருக்கு வந்தார். மனைவி அறையில் தூங்குகிறாள், சாவி அவளிடம் இருக்கிறது, இன்னொன்று கொடு என்றார். அந்தப் பெண்ணின் முழுப் பெயர், பிறந்த தேதி, அறை எண் எல்லாம் சரியாகச் சொன்னார். புக்கிங்கில் அவர் பெயர் இல்லை. நீ தயங்கியதும் சத்தம் போட்டார், உன் மேலதிகாரி பெயரைச் சொல்லி மிரட்டினார். நீ சாவி கொடுக்கவில்லை. அறைக்குப் போன் பண்ணினாய். அந்தப் பெண் அழுதுகொண்டே "கொடுக்காதீங்க" என்றாள். நீ அதை என்னவோ சாதாரண விஷயம்போலச் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாய். நானும் அதோடு மறந்துவிட்டேன்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த ஆள் செய்ததும் உங்கள் பாடத்தில் 'சோஷியல் என்ஜினியரிங்' என்று சொல்வதும் ஒன்றுதானே? பெயர், பிறந்த தேதி போலத் தெரிந்த விவரம் இரண்டைச் சொல்லி நம்ப வைப்பது, அவசரப்படுத்துவது, பெரிய ஆள் பெயரைச் சொல்லி மிரட்டுவது. 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் எம்ஜிஎம் ஹோட்டல்களைத் தாக்கியவர்களும் ஊழியர் மாதிரி உதவி மையத்துக்குப் போன் பண்ணித்தான் நுழைந்தார்கள் என்று செய்தியில் வந்தது. அந்த நிறுவனத்துக்கு ஏறக்குறைய 100 மில்லியன் அமெரிக்க டாலர் இழப்பு. நம் ஊரில் 2021 கடைசியில் வங்கி பெயரில் வந்த எஸ்எம்எஸ்ஸை நம்பி 790 பேர் 13.7 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி இழந்தார்கள். அதிலும் 'உங்கள் கணக்கில் பிரச்சினை, உடனே இங்கே தட்டுங்கள்' என்ற அவசரம்தான் தூண்டில். அந்தக் கவுண்டரில் நின்று ஒரு மனிதனின் அவசரத்துக்கு மசியாமல் இருந்தவள் நீ. அதை நேர்முகத் தேர்வில் சொல். கூச்சப்படாமல், எனக்குச் சொன்னதைவிட விரிவாகச் சொல்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உன்னோடு உடன்பாடு இல்லை. "டெக்னிக்கல் தெரியாதவங்களுக்கும் இடம் இருக்குப்பா, பாலிசி, ஆடிட் பக்கம் போயிடுவேன்" என்றாய். இடம் இருக்கிறது, உண்மைதான். தகவல் பாதுகாப்புக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 27001 சரிபார்க்கிற வேலை, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கிற வேலை, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை, எல்லாமே உனக்குப் பொருந்தும். ஆனால் டெக்னிக்கல் தெரியாமலே அங்கே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்துப் போகாதே.

டாங்கிக்குள் இறங்காமலே, உள்ளே வேலை செய்ய அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாசலில் நின்றபடி காற்றை அளக்கும் மீட்டரைப் பிடித்துவிட்டு 'ஆக்சிஜன் 20.9 சதவீதம்' என்று எழுதுவார்கள். வாசலில் எப்போதும் 20.9தான் காட்டும், அது வெளிக்காற்று. கனமான வாயு அடியில் தேங்கி நிற்கும், லேசானது மேலே நிற்கும். குழாயை இறக்கி மேலே, நடுவே, அடியில் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். 19.5க்குக் கீழே காட்டினால் ஒருவரையும் விடக்கூடாது. நான் வேலைக்குச் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்னால், 1978 அக்டோபர் 12 அன்று, ஜூரோங்கில் பழுதுபார்ப்புக்கு நின்ற ஸ்பைரோஸ் என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்தார்கள். தீப்பற்றக்கூடிய ஆவி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் தீச்சுடரால் இரும்பை வெட்டும் கட்டிங் வேலை நடந்திருக்கிறது. பழைய ஆட்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும்.

உன் தொழிலிலும் அப்படித்தானே நடக்கும்? 'சர்வரில் எல்லா அப்டேட்டும் போட்டாயிற்றா?' என்று நீ கேட்பாய். 'ஆயிற்று' என்று டிக் அடித்து அனுப்புவார்கள். எங்கே போய்ப் பார்ப்பது என்று உனக்குத் தெரியாவிட்டால், நீயும் 20.9 என்று எழுதிவிட்டு வருவாய். அதனால் நெட்வொர்க்கும், பல சர்வர்களை இயக்குகிற லினக்ஸும் அடிப்படையாவது கையால் செய்து பார்த்துப் படி. உன் வேலை முழுக்கக் காகிதத்தில் இருந்தாலும் படி.

கோபித்துக்கொள்ளாதே, தம்பியின் பையோடு நீ விட்டுப்போன நோட்டை நான் புரட்டினேன். 22, 80, 443 என்று எண்கள். கம்ப்யூட்டருக்குள் தகவல் போய்வர 65,000க்கு மேல் போர்ட், அதாவது எண் போட்ட வாசல், இருக்கிறதாமே, பக்கத்து வீட்டு பாலிடெக்னிக் பையன் சொன்னான். 'சின், சின்-ஆக், ஆக்' என்று மூன்று அம்புக்குறி போட்டுப் பக்கத்தில் 'ஏன் மூன்று?' என்று எழுதியிருந்தாய். அந்தப் பையனிடம் கேட்டேன். இரண்டு கம்ப்யூட்டர் பேசத் தொடங்கும் முன் பரிமாறிக்கொள்ளும் மூன்று செய்தி என்று அவன் விளக்கியதும் எனக்கு கிரேன்காரரோடு வாக்கி டாக்கியில் பேசியது நினைவுக்கு வந்தது. "கேட்குதா?" "கேட்குது, நான் பேசுறது கேட்குதா?" "கேட்குது." அதற்குப் பிறகுதான் 'தூக்கு' என்று சொல்வோம். இரண்டு பக்கமும் கேட்கிறது என்று இரண்டு பேருக்கும் உறுதியாக மூன்று பேச்சு வேண்டும். அப்புறம் நீ, கம்ப்யூட்டரில் நடப்பதைக் குறித்து வைக்கிற பதிவை 'லாக்' என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாயே, அது கப்பலிலிருந்து போன சொல். அந்தக் காலத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றில் மரக்கட்டையைக் கட்டிக் கடலில் போட்டு வேகம் பார்ப்பார்கள். கட்டைக்கு லாக் என்று பெயர். அதைக் குறித்து வைத்த புத்தகம் லாக் புக். உன் அப்பன் தொழிலிலிருந்துதான் அந்தச் சொல் வந்திருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறே மாதத்தில் வேலை உத்தரவாதம் என்று விளம்பரம் போடுகிறவர்களிடம் சேமிப்பைக் கொட்டாதே. முதலில் செக்யூரிட்டி பிளஸ் மாதிரி ஒரு தொடக்க நிலைப் பரீட்சை போதும். 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, 900க்கு 750 வாங்க வேண்டும். சிஐஎஸ்எஸ்பி என்ற மேல்நிலைச் சான்றிதழை யாராவது இப்போதே ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல். பொதுவாக ஐந்து வருட அனுபவம் இல்லாமல் அந்தப் பட்டம் முழுதாகக் கைக்கு வராது. படிப்புக்கு அரசாங்கம் கொடுக்கிற ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் உன் பெயரில் 500 வெள்ளி இருக்கும், அதைப் பயன்படுத்து. தொடக்கத்தில் சம்பளம் குறையலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கடன் தவணையை மாப்பிள்ளையோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டு ராஜினாமா கொடு. இணையத் தாக்குதலைக் கவனிக்கிற கண்காணிப்பு மையத்தில் இராப்பகலாக ஷிப்ட் இருக்கும். அது உனக்குப் புதிதில்லை.

இனிமேல் எழுதுவதை உன் அம்மாவிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

சேஃப்டிக்குப் போன இரண்டாவது வருடம். ஒரு பட்டறையில் காலையில் நான் அளந்து அனுமதி கொடுத்த டாங்கி. மதியம் ஒரு பையன் ஏறி வந்து, "அண்ணே, பெயிண்ட் வாடை வருது" என்றான். பக்கத்து டாங்கியில் பெயிண்ட் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவனுடைய ஃபோர்மேன், "வேலை செய்யச் சோம்பேறித்தனம்" என்று அவனைத் திட்டினார். வேலையை நிறுத்தினால் கப்பல் ஒரு நாள் தாமதம், பட்டறைக்குப் பெரிய நஷ்டம். நான் சின்ன சூப்பர்வைசர். யாரிடம் சொல்வது, தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று அரை மணி நேரம் அங்குமிங்கும் நடந்தேன். அதற்குள் உள்ளே இரண்டு பேர் மயங்கி விழுந்துவிட்டார்கள். வெளியே தூக்கி வந்தோம். இருவரும் பிழைத்தார்கள். அந்த அரை மணி நேரம் என்னோடுதான் இன்னும் இருக்கிறது.

2018இல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினிகளிலிருந்து 1.5 மில்லியன் பேரின் விவரம் திருடு போனது உனக்குத் தெரியும். அதில் 160,000 பேரின் மருந்து விவரமும் போனது, அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கினதும் சேர்த்து. விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வந்தபோது தமிழ் முரசில் ஒரு வரி விடாமல் படித்தேன். ஜூன் மாதமே சில ஊழியர்கள் கண்ணில் ஏதோ பட்டிருக்கிறது. ஜூலை 4ஆம் தேதி தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஊழியர் சந்தேகப்பட்டு, திருட்டு மேலும் நடக்காமல் தடுத்திருக்கிறார். ஆனால் மேலே சொல்ல வேண்டிய பொறுப்பில் இருந்த சிலர் நேரத்தில் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாப்பா. அந்தத் தயக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்த வேலையில் உனக்கு என்ன பாடம் மறந்துபோனாலும் இதை மறக்காதே. ஏதோ சரியில்லை என்று பட்டால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே சொல். உறுதியாகத் தெரியாது என்றாலும், "எனக்கு உறுதியாகத் தெரியாது, ஆனால் பார்க்க வேண்டும்" என்று சொல். நாளைக்கு உனக்குக் கீழே ஒரு பிள்ளை வந்து, "அக்கா, தெரியாமல் லிங்க்கைத் தட்டிட்டேன்" என்று சொன்னால், முதலில் அவனைத் திட்டாதே. திட்டினால் அடுத்த தடவை அவன் வரமாட்டான். அந்த ஃபோர்மேனிடம் அந்தப் பையன் அதற்குப் பிறகு ஒரு வாடையைப் பற்றியும் சொன்னதில்லை.

சரி, கை வலிக்கிறது. உன் வகுப்பு செவ்வாய், வியாழன் மாலையில் என்று அம்மா சொன்னாள். அந்த இரண்டு நாளும் தம்பியைப் பாலர் பள்ளியிலிருந்து நான் கூட்டி வருகிறேன். செம்பவாங்கிலிருந்து பொங்கோல் எனக்கு ஒரு தூரமே இல்லை. பள்ளியில் என் பெயரைக் கொடுத்து வை. முன்பின் தெரியாத ஆளிடம் பிள்ளையை விடமாட்டார்கள், விடவும் கூடாது. உங்கள் வீட்டுச் சாவியில் ஒன்று எனக்கு வெட்டி வை. சோறு வடித்துக் கொடுத்து, குளிக்க வைத்து, நீ வரும்வரை பார்த்துக்கொள்கிறேன். நோட்டை அம்மா பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வாருங்கள். அம்மா மீன் வாங்குகிறாள். தம்பிக்கு முள் நான் எடுக்கிறேன், நீ சாப்பிடு.

அன்புடன்,
அப்பா