ஜெஸ் கேட்காத விசில்

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வரன் அமைந்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. தேதி குறித்ததும் எழுது, லீவுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நாயை வைத்து ஆடு ஓட்டுவதில் போட்டி போட என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். போன சனிக்கிழமைதான் இங்கே விவசாயக் கண்காட்சியில் என் நாய் ஜெஸ்ஸோடு களம் இறங்கினேன். சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

நான் இருக்கும் இந்த வட வேல்ஸில் பாலா என்று ஒரு சிற்றூர். பிரிட்டனில் இந்தப் போட்டி நடந்ததாகப் பதிவாகியிருக்கும் முதல் இடம் அதுதான், 1873 அக்டோபரில். ஜெயித்தது ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் ட்வீட் என்ற நாய்.

நாம் ஒரு கம்பத்தருகே நிற்க வேண்டும். முந்நூறு நானூறு கஜம் தள்ளி மலைச்சரிவில் நாலைந்து செம்மறிகளை விட்டிருப்பார்கள். நாய் அவற்றை மிரட்டாமல் சுற்றிப்போய், பின்னாலிருந்து மெல்லக் கிளப்பி, நேராக நம்மிடம் கொண்டுவர வேண்டும். அப்புறம் கேட்டுகளின் வழியே சுற்றி ஓட்டி, கடைசியில் பட்டியில் அடைக்க வேண்டும். முழு மார்க்கில் தொடங்கி, பிசகுக்குப் பிசகு கழித்துக்கொண்டே வருவார்கள். சுற்றிப்போக 20, கிளப்ப 10, கொண்டுவர 20, ஓட்ட 30, பட்டிக்கு 10. ஆட்டைக் கடித்துவிட்டால் அதோடு ஆட்டம் முடிந்தது.

எனக்கு உயிர் அந்தக் கிளப்பும் பத்து மார்க்தான். நாயும் ஆடும் முதன்முதலாக ஒன்றையொன்று எடைபோடுகிற இடம் அது. நாய் வேகமாக வந்தால் ஆடுகள் சிதறிவிடும். தயங்கினால் திரும்பி நின்று காலைத் தட்டி எதிர்க்கும். 1893இல் வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாய், குரைக்காமல் பாயாமல் பார்வையாலேயே ஆடுகளை நகர்த்துமாம். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி இன நாய்கள் இன்று கிட்டத்தட்ட எல்லாமே அதன் வழி வந்தவைதான். ஜெஸ்ஸிடமும் அந்தப் பார்வை இருக்கிறது.

"கம் பை" என்றதும் இடப்பக்கமாக விரிந்து ஓடினாள். பெரணி அடர்ந்த பள்ளத்தில் மறைந்து, ஆடுகளுக்கு மேலே வெளிப்பட்டாள். நிற்கச் சொல்லி விசில் அடித்தேன். நிற்கவில்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டடி வலப்பக்கம் போய், அப்புறம்தான் படுத்தாள். என்னடா இது என்று பார்த்தால், ஓரத்தில் நின்ற ஒரு பெட்டை ஆடு, ஓடிமுடித்த ஆடுகளை அடைத்திருந்த மூலைப் பக்கம் தலையைத் திருப்பியிருந்தது. ஜெஸ் அந்த வழியை அடைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறாள்! அந்த ஆட்டின் தலை இந்தப் பக்கம் திரும்பியது. எல்லாமே ஒன்றாகக் கீழே நடக்க ஆரம்பித்தன.

இதற்காகத்தான்டா போட்டி. சொன்னதைச் செய்யும் நாயைப் பழக்கிவிடலாம். அவ்வளவு தூரத்தில் எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிகிறது, அதை நம்பி விட்டுவிட வேண்டும். சிலர் அடிக்கு அடி விசில் ஊதுகிறார்கள், மார்க்கும் வாங்குகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

ஓட்டும்போது எதிர்க்காற்றில் விசில் எட்டாமல் ஒரு கேட் தவறியது. பட்டியில் அடைந்துவிட்டன. வேல்ஸ் மலை ஆடுகள் லேசானவை, நிழலசைந்தால் துள்ளும். கதவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் மூச்சுவிடாமல் நிற்க, ஜெஸ் நெஞ்சு தரையில் உரச ஒவ்வோர் அடியாக வைத்தாள். பரிசு இல்லை. ஜெயித்தது எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. அவர் மொத்தமாக நாலைந்து தடவைதான் விசில் அடித்திருப்பார்.

அக்டோபரில் இளம் நாய்களுக்கான போட்டிகள் தொடங்கும், பெயர் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? நீ அதைப் பற்றி எழுதவே இல்லை.

அன்புடன்,
ராஜு