தோட்டத்துக் கிணற்றை ஏன் மூடினோம்

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஏலகிரி முகாமுக்கு இந்தக் கோடையில் பெயர் கொடுத்தவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "கிணற்று நீச்சல் இல்லையாமே, ஏன்?" காட்பாடி அலுவலகத்துக்குப் போன் செய்தவர்களுக்கு ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டோம். அது போதாது.

முகாம் நடக்கும் இடம் ஒரு காலத்தில் பெரிய குடும்பத்துத் தோட்டம். மாட்டுக் கொட்டகை இப்போது கயிறும் ஹெல்மெட்டும் வைக்கும் அறை. பங்களாத் திண்ணையில் சாப்பாடு. கிணற்றை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. கருங்கல் கட்டு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்படிகள். வட ஆர்க்காட்டில் வளர்ந்த எங்களில் பலர் இப்படிப்பட்ட கிணற்றில்தான் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகினோம். அந்தச் சந்தோஷம் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும் என்று ஆசைப்பட்டோம்.

போன கோடையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் குதித்தான். நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துகிறவன். மேலே வந்து படியைப் பிடித்தான். பாசியில் கை வழுக்கியது. மறுபடி பிடித்தான், மறுபடியும் வழுக்கியது. கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பதற்கே அவன் மூச்சு சரியாக இருந்தது. பயிற்சியாளர் தண்ணீரிலேயே இருந்ததால் எட்டிப் பிடித்துத் தூக்கினார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நடந்ததை அன்று மாலையே அவன் வீட்டாரிடம் அப்படியே சொன்னோம்.

மூழ்குகிறவர் கூச்சல் போடுவார் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. குளத்தில் ஒரு பக்கமாவது கால் எட்டும். கிணற்றில் இறங்கியதுமே ஆழம். இரண்டு பிள்ளைகளை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம், இருபது பேரை முடியாது. கம்பி வலை போட்டுப் பூட்டிவிட்டோம்.

கிணற்று நீச்சல் நேரத்தில் இனி பாறையில் கயிறு கட்டி இறங்கும் பயிற்சி. இதற்குப் புதுக் கயிறு வாங்கியிருக்கிறோம். பழையது பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நைலான் வெயிலில் வலுவிழப்பது வெளியே தெரியாது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, பிள்ளைகள் முடிச்சு போட்டுப் பழக வைத்திருக்கிறோம். ஏலகிரியிலேயே உள்ள சுவாமிமலைக் குன்றில் ஏறுவது வழக்கம்போல் உண்டு.

கட்டணத்தில் மாற்றம் இல்லை. கிணற்று நீச்சலுக்காகவே பதிந்தவர்கள் சொன்னால் முழுப் பணமும் திருப்பித் தருகிறோம்.

அப்புறம், வேலூர் வெயிலை நினைத்து ஸ்வெட்டரை வீட்டில் விட்டுவிடாதீர்கள். முகாம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதத்திலும் விடியற்காலை குளிரும். ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து வேன். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், வாந்தி வரும் பிள்ளைகளுக்குக் காலையில் இரண்டு இட்லி போதும்.

கிணற்றைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளைப் பயிற்சியாளரே கூட்டிப்போய்க் காட்டுவார்.

இப்படிக்கு,
முகாம் பொறுப்பாளர்கள், காட்பாடி