25 கிலோமீட்டர் கணக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பத்தடி நீளக் கயாக் (உட்கார்ந்து துடுப்புப் போட்டுச் செலுத்தும் சிறு படகு) ஒன்று வாங்கியிருக்கிறாய் என்பதில் மகிழ்ச்சி; அடுத்த மாதமே ஒரே நாளில் 25 கிலோமீட்டர் போய்வரப் போகிறாய் என்பதில் கொஞ்சம் கவலை. தேர்வுக்கு முந்தின இரவில் ஐந்து பாடங்களையும் முடித்துவிடத் திட்டம் போட்டவன் நீதானே!

உன்னுடையது போன்ற பொழுதுபோக்குக் கயாக் கவிழாமல் இருப்பதற்காகவே குட்டையாகவும் அகலமாகவும் செய்யப்பட்டது. அதனால் நிதானமாகத் துடுப்புப் போடுபவருக்கு அமைதியான நீரில் மணிக்கு 4 கிலோமீட்டர், மிஞ்சினால் 5 கிடைக்கும். அதற்குமேல் எவ்வளவு மூச்சைப் பிடித்துத் தள்ளினாலும், முன்முனையில் அலை எழும்புமே தவிர வேகம் அவ்வளவாகக் கூடாது. இந்தக் கணக்கில் உன் 25 கிலோமீட்டருக்கு ஓய்வே இல்லாமல் ஐந்தாறு மணி நேரம் ஆகும். புதிதாகத் தொடங்குபவருக்குப் போகவர 8 முதல் 10 கிலோமீட்டரே நிறைவான ஒரு நாள். உடம்பு பழகியபின் 15, 20 என்று கூட்டிக்கொள்ளலாம்.

தூரத்தைவிடத் திரும்பி வருவதுதான் பெரிய விஷயம் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை முதுகில் காற்று வாங்கிக்கொண்டு 6 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடந்து, என் கைவலிமை என்று பெருமைப்பட்டேன். திரும்பியபோது அதே காற்று முகத்தில் அறைந்தது. தண்ணீர் குடிக்கத் துடுப்பை மடியில் வைத்த ஒவ்வொரு முறையும், சற்றுமுன் தாண்டி வந்த கரையோர மரம் மறுபடி எனக்கு முன்னால் போய் நின்றது. கரை சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. இரு கட்டைவிரல்களின் உட்புறத்திலும் கொப்புளம். அன்றிலிருந்து புறப்படும்போது எதிர்காற்றில்தான் போகிறேன்.

ஆற்றிலும் இதே கதைதான். உன் வேகம் 4.5, நீரோட்டம் 1.5 என்றால், நீரோடு போகையில் 6, எதிர்த்து வருகையில் 3; ஒரு மணி நேரத்தில் போன தூரத்தைத் திரும்பக் கடக்க இரண்டு மணி நேரம் வேண்டும். ஆகவே முதலில் நீரை எதிர்த்துப் போ.

கையால் மட்டும் இழுக்காமல், கால்மிதியில் பாதத்தை ஊன்றி இடுப்புக்கு மேலுள்ள உடலைத் திருப்பித் துடுப்புப் போட்டால் தோள் தாங்கும். மணிக்கு ஒருமுறை கரையேறிக் காலை நீட்டிக்கொள். இந்தப் படகு கவிழ்ந்து உள்ளே நீர் நிறைந்துவிட்டால் நடுநீரில் அதைக் காலி செய்வது மிகக் கடினம். எனவே கரையோரமாகவே போ, லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்குப் பின்னால் செருகி வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்.

போய்வந்தபின், போகப் பிடித்த நேரத்தையும் திரும்பப் பிடித்த நேரத்தையும் தனித்தனியே குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்